சூரிய மின்சாரமும் சேமிப்புப் பாட்டரியும்

அடைமழை பெய்யும் இரவில் கறவைப் பசு கன்று ஈனும் தறுவாயில் கொட்டகை விளக்கு அணைந்துபோவதனால் உண்டாகும் சங்கடத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அதன்பின் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, எண்ணிறந்த கிராமங்கள் பல நாட்கள் இருளில் மூழ்கிக் கிடந்தன. இத்தகைய காலங்களில் உதவுவதற்கென்றே பலர் இன்வர்ட்டரும், பாட்டரியும், கூரைமேல் சூரியத் தகடும் பொருத்திக்கொள்ளுகின்றனர். ஆயினும், வேண்டிய நாளில் அவை உதவாமற் போகின்றன என்றும், ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டிய பாட்டரி இரண்டாம் வருஷத்திலேயே கெட்டுவிடுகின்றது என்றும் குறை கூறுவோர் அநேகர்.

இக்குறைக்குப் பாட்டரியின் தரம் எப்போதும் காரணமன்று. சூரியன், மின்வாரியக் கரண்டு ஆகிய இரண்டு ஊற்றுக்களிலிருந்து ஒரே பாட்டரிக்குச் சார்ஜ் ஏறும்பொழுது, அவ்விரண்டையும் முறைப்படுத்தாமல் விடுவதே பெரும்பாலும் காரணமாகின்றது. அம்முறை இன்னதென்பதை இங்கே விவரிப்போம்.

பாட்டரியின் தன்மை

நம் வீடுகளில் மிகுதியாக வழங்குவது ஈயப் பாட்டரி. பிரெஞ்சு விஞ்ஞானியாகிய காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-ல் இதனைக் கண்டுபிடித்தார். 12 வோல்ட் பாட்டரி ஒன்றினுள் இரண்டு வோல்ட் அறைகள் ஆறு உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகும்பொழுது திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய்ப் படிந்து ஈயக் கந்தகி என்னும் வெண்மையான உப்பாகின்றது, திராவகம் நீர்த்துப்போகின்றது. சார்ஜ் ஏற்றும்பொழுது அவ்வுப்பு கரைந்து, கந்தகச் சத்து மீண்டும் திராவகத்தை அடைகின்றது. பாட்டரியின் தொழில் முழுவதும் இவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாகப் படிந்த உப்பு மென்மையானது, எளிதில் கரையும். பல நாட்கள் கரையாமல் விடப்பட்ட உப்போ கடினமான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினும் அது கரைவதில்லை. அவ்வாறு இறுகிய பாகம் பாட்டரிக்கு நஷ்டமே. ஆகவே பாட்டரியைச் செலவிடுவதனால் உண்டாகும் கேட்டைக் காட்டிலும், செலவிட்டபின் நிரப்பாமல் வைத்திருப்பதனால் உண்டாகும் கேடு அதிகம்.

கடைமடை வரையில் பாய வேண்டும்

ஈயப் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது மூன்று நிலைகளில் நடைபெறும். முதல் நிலையில் மின்சாரம் தாராளமாகப் பாய்ந்து, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வரையில் விரைவில் நிரம்பிவிடும். இரண்டாம் நிலையில் வோல்டேஜ் 14.4 அளவில் நிலைநிறுத்தப்படும். அப்பொழுது பாட்டரி ஏற்கும் ஆம்பியர் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். மூன்றாம் நிலையில், நிறைந்த பாட்டரி தானாக இழக்கும் சிறிதளவை ஈடுசெய்வதற்கு மட்டும் 13.5 முதல் 13.8 வோல்ட் வரையில் வைக்கப்படும்.

வாய்க்காலில் நீர் விடும்பொழுது தலைமடை வயல்கள் விரைவில் நனைவதும், கடைமடைக்கு நீர் எட்டுவதற்கு நெடுநேரம் ஆவதும் நாம் அறிந்ததே. தலைமடை நனைந்தவுடன் மதகை அடைத்துவிட்டால் கடைமடைப் பயிர் காய்ந்துபோகும். பாட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு அக்கடைமடையைப் போன்றது. அதனை நிரப்ப இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரையில் பிடிக்கும். 150 ஆம்பியர்-மணி பாட்டரியில், 14.4 வோல்டில் நிற்கையில் ஏறும் மின்சாரம் மூன்று அல்லது நான்கு ஆம்பியராகக் குறைந்த பின்னரே அது நிறைந்ததாகக் கொள்ளல் வேண்டும். நாள்தோறும் தலைமடையோடு நிறுத்தி வருபவருடைய பாட்டரியில் அந்த ஐந்தில் ஒரு பங்கு உப்பு இறுகி, அதன் கொள்ளளவு மாதந்தோறும் குறைந்துகொண்டே போகும்.

இரண்டு வகைத் தவறுகள்

சூரியத் தகடும் மின்வாரியக் கரண்டும் சேர்ந்துள்ள வீடுகளில் இரண்டு வகைத் தவறுகள் காணப்படுகின்றன. அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலாவது, கரண்டை எந்நேரமும் தடையின்றி விடுவது. சாதாரண வீட்டு இன்வர்ட்டர், கரண்டு வந்த மாத்திரத்தில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். இரவில் செலவானது விடியுமுன்னரே கரண்டினால் நிரம்பிவிடும். சூரியன் உதிக்கும்பொழுது பாட்டரியில் இடமிராது. சூரியத் தகட்டின் கண்ட்ரோலர், பாட்டரி நிறைந்திருப்பதைக் கண்டு தன் மின்சாரத்தை ஒடுக்கிக்கொள்ளும். தகட்டிற்குச் செலவிட்ட பணம் கூரைமேல் வீணே காய்ந்துகொண்டிருக்கும், மின்கட்டணமும் குறையாது. இதனால் பாட்டரிக்குத் தீங்கில்லை, பணத்திற்கே நஷ்டம்.

இரண்டாவது, மின்கட்டணத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு, கரண்டிலிருந்து சார்ஜ் ஏறாதபடி அடியோடு நிறுத்திவிடுவது. மாசி முதல் ஆவணி வரையில் வெயில் நன்றாக இருப்பதால் இதில் தீங்கொன்றும் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, மேகம் நாட்கணக்கில் கவிந்திருக்கும் பொழுது, தகடு தரும் மின்சாரம் வெயில் நாளில் தருவதில் நாலில் ஒரு பங்கும் இராது. பாட்டரி ஒவ்வோர் இரவும் செலவாகி, ஒவ்வொரு பகலும் பாதியே நிரம்பி, வாரக்கணக்கில் அரைவயிற்றோடு கிடக்கும். மழைக்காலம் முடியுமுன் உப்பு இறுகிவிடும். இத்தவறு முன்னதினும் கொடிது, பாட்டரியையே அழிப்பது.

இதன் லாப நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றைப் பாதியிலிருந்து முழுவதும் நிரப்பக் கரண்டில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் போதும். மழைக்காலத்தில் முப்பது நாட்கள் இவ்வாறு நிரப்பினாலும் நாற்பத்தைந்து யூனிட்டே செலவாகும். அதனை மிச்சம் பிடிக்கப்போய், பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பாட்டரியை இழப்பது சிக்கனமாகாது.

ஊற்றுக்களை முறைப்படுத்துதல்

ஆகவே கைக்கொள்ள வேண்டிய விதி யாதெனில்: முதலில் சூரியன் நிரப்பட்டும், சூரியன் நிரப்பாததை அன்று மாலையே கரண்டு நிரப்பட்டும், எவ்வாறாயினும் பாட்டரி நிறைந்த நிலையில் இரவை அடைதல் வேண்டும்.

சூரிய இன்வர்ட்டர் எனத் தனியே விற்கப்படுபவற்றில் இதற்கான ஏற்பாடு உள்ளேயே அமைந்திருக்கும். சூரியனுக்கு முதலிடம் தருவதா, கரண்டுக்கு முதலிடம் தருவதா என்பதை ஒரு பொத்தானால் தீர்மானிக்கலாம். பொருத்துபவர் எந்த நிலையில் வைத்துச் சென்றார் என்பதைப் பலர் கேட்டறிவதே இல்லை. அதனைக் கேட்டறிந்து, வெயில் மாதங்களில் சூரியனுக்கும், ஐப்பசி, கார்த்திகையில் கரண்டுக்கும் முதலிடம் தருமாறு வருஷத்திற்கு இருமுறை மாற்றிவைத்தல் நன்று.

பழைய வீட்டு இன்வர்ட்டருடன் தகட்டைப் பின்னர் சேர்த்துக்கொண்டவர்கள், இன்வர்ட்டருக்குச் செல்லும் கரண்டை வெயில் நாட்களில் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரையில் நிறுத்திவைக்கலாம். இதற்கென நேரம் குறித்து இயங்கும் சுவிட்சுகள் கிடைக்கின்றன. ஆனால் கரண்டை நிறுத்தியவுடன் இன்வர்ட்டரைச் சார்ந்த விளக்கும் விசிறியும் பாட்டரியிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பகற்செலவு அதிகமானால் தகடு தருவது முழுவதும் அச்செலவுக்கே போய்விடும். மாலை நான்கு மணிக்குக் கரண்டு மீண்டும் சேருமாறு செய்வது எக்காரணத்தாலும் தவறக்கூடாது. மேகம் கவிந்த நாளில் காலையில் நிறுத்தாமலே விட்டுவிடுவது உத்தமம்.

பகலிலும் ஒரு முறை உண்டு. காலை வெயிலைப் பாட்டரிக்கு விட்டுவிட வேண்டும். 14.4 வோல்டை எட்டிய பிறகு பாட்டரி ஏற்பது குறைந்துவிடுவதால், தகட்டின் சக்தி மிஞ்சத் தொடங்கும். மாவரைப்பது, தெளிப்பானுக்குச் சார்ஜ் ஏற்றுவது முதலிய வேலைகளை அந்த நண்பகல் வேளைக்கு வைத்துக்கொண்டால், பாட்டரியும் நிறையும். வேலையும் செலவின்றி முடியும். அவற்றையே காலை எட்டு மணிக்குச் செய்தால், பாட்டரி கடைமடையை எட்டுமுன் பொழுது சாய்ந்துவிடும்.

இரண்டு ஊற்றுக்களும் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏற்றும்பொழுது, அவற்றின் ஆம்பியரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 150 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 15 ஆம்பியர், பொருத்தமான அளவு. ஐந்தில் ஒரு பங்காகிய 30 ஆம்பியருக்கு மேற்பட விடலாகாது. தகட்டிலிருந்து 20 ஆம்பியரும் கரண்டிலிருந்து 15 ஆம்பியரும் ஒருங்கே ஏறினால் பாட்டரி சூடேறி நீர் விரைவில் வற்றும். அத்தகைய இடங்களில் கரண்டின் சார்ஜ் அளவைக் குறைத்துவைக்க வேண்டும்.

ஓர் உதாரணம்

ஒரு குடியானவர் வீட்டில் 9 வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரமும், 75 வாட் விசிறிகள் இரண்டு, ஆறு மணி நேரமும் இரவில் ஓடுவதாகக் கொள்வோம். விளக்குகளுக்கு 180 வாட்-மணியும், விசிறிகளுக்கு 900 வாட்-மணியும், ஆக 1,080 வாட்-மணி வேண்டும். இன்வர்ட்டரில் ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 1,270 வாட்-மணி, அஃதாவது 106 ஆம்பியர்-மணி செலவாகும். 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது பத்தில் ஏழு பங்கு. நாள்தோறும் பாதிக்கு மேல் செலவிடுவது பாட்டரிக்கு ஆகாது.

அதே வீட்டில் 30 வாட் செலவுள்ள பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால், விசிறிகளின் செலவு 360 வாட்-மணியாகக் குறையும். மொத்தச் செலவு 540. சேதாரம் சேர்த்து 635 வாட்-மணி. பாட்டரியிலிருந்து 53 ஆம்பியர்-மணி, அஃதாவது மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். 330 வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் ஆயிரம் வாட்-மணிக்குக் குறையாமல் தரக்கூடியதாதலால், இதனைத் தாராளமாக ஈடுசெய்துவிடும். இரண்டாவது பாட்டரி வாங்கும் செலவை இரண்டு விசிறிகளால் தவிர்க்கலாம் என்பது இதனால் விளங்கும்.

அடுப்பு, நீர் கொதிக்கவைக்கும் கருவி, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்பு முதலிய வெப்பச் சாதனங்களைப் பாட்டரியில் ஓட்டலாகாது. முதல் வாரத்துக் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செண்டிகிரேட் அளவு வெப்பம் வேண்டும். 150 வாட் பல்பு வரிசை இரவு முழுவதும் எரிந்தால் பாட்டரி விடியுமுன் தீர்ந்து, குஞ்சுகள் குளிரில் மடியும். அதற்குக் கரியடுப்போ எரிவாயுச் சூடேற்றியோ, காற்றோட்டத்தோடும் தீப்பற்றாத காவலோடும், தனியே வைத்திருத்தல் வேண்டும். பாட்டரி அங்கே விளக்குக்கு மட்டும் போதும்.

தகடும் கண்ட்ரோலரும்

கண்ட்ரோலர்களில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என இருவகை உண்டு. முன்னது விலை குறைந்தது. ஆனால் தகட்டின் வோல்டேஜைப் பாட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துவிடும் தன்மையுடையது. 36 சில்லுகள் கொண்ட சிறிய தகடு 18 வோல்ட் அளவில் இயங்குவதால், 12 வோல்ட் பாட்டரிக்கு இது ஓரளவு பொருந்தும். இப்பொழுது மலிவாகக் கிடைக்கும் 72 சில்லுத் தகடு 37 வோல்ட் அளவில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத் தருவது. இதனைப் பி.டபிள்யூ.எம். வழியாக 12 வோல்ட் பாட்டரியோடு இணைத்தால், அந்த ஒன்பது ஆம்பியரே பாட்டரிக்குக் கிட்டும். 330 வாட் தகட்டிலிருந்து 120 வாட்டுக்கு மேல் வராது. எம்.பி.பி.டி. கண்ட்ரோலரோ மிகுந்த வோல்டேஜை ஆம்பியராக மாற்றிக்கொடுப்பதால், தகட்டின் சக்தியில் பெரும்பகுதி பாட்டரியை அடையும். சூரியன் போதவில்லை என்று இரண்டாவது தகடு வாங்குவதற்கு முன், கண்ட்ரோலர் எவ்வகையினது என்று பார்த்துக்கொள்க.

தகட்டின்மேல் தென்னை மட்டையின் நிழலும், களத்துத் தூசியும் படியாமற் பார்த்துக்கொள்வது அவசியம். அதிகாலையில் தகடு குளிர்ந்திருக்கும்பொழுது நீர்விட்டுத் துடைக்கலாம்.

சோதனையும் பராமரிப்பும்

பாட்டரியின் நிலையை அறிய எளிய வழி, விடியற்காலையில், சார்ஜும் செலவும் இன்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில், வோல்ட்மீட்டரால் அளப்பது. ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டினால் முழு நிறைவு, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால் என்று கொள்ளலாம். அடர்த்தி குறைந்த திராவகம் ஊற்றப்பட்ட டியூபுலர் பாட்டரிகளில் இவ்வளவுகள் சிறிது குறைந்தே காணும். 10.5 வோல்ட் அளவில் இன்வர்ட்டர் தானே நின்றுவிடுவது கடைசிப் பாதுகாப்பேயன்றி, அதுவரையில் செலவிடலாம் என்பதற்கு அனுமதியன்று.

திறந்து நீர் விடக்கூடிய பாட்டரிகளில் ஹைட்ரோமீட்டரால் அளப்பது இன்னும் நம்பகமானது. மாதம் ஒருமுறை ஆறு அறைகளையும் அளந்து குறித்துவைக்க. ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் மிகத் தாழ்ந்திருந்தால் அவ்வறை கெடத் தொடங்கியது என்று அறியலாம். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விட வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் நிறைந்த பின்னரே நீர் விடுதல் முறை. தகடு வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால் மட்டும், அது மூழ்குமளவு முன்னரே விடலாம். திராவகத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது.

வெப்பம் பாட்டரிக்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரையின் கீழும் அடுப்பங்கரையிலும் அதனை வைக்கலாகாது. சார்ஜ் நிறையும் தறுவாயில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறியால் வெடிக்கக்கூடும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். அருகில் பீடி, விளக்குச் சுடர் கூடாது. திராவகம் உடலிற்பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவுக. கண்ணிற்பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரை நாடுக.

லிதியம் பாட்டரி

லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிகள் இப்பொழுது பரவிவருகின்றன. இவை நாள்தோறும் நிறைய வேண்டுமென்ற கட்டாயமில்லாதவை, அரைகுறையாக இருப்பதனால் கெடுவதில்லை, நீரும் வேண்டா. விலை அதிகம். ஈயப் பாட்டரிக்கென்று வைத்த சார்ஜ் முறையை மாற்றாமல், பழைய இன்வர்ட்டரிலேயே இவற்றை இணைத்துவிடலாகாது. லிதியத்திற்குரிய நிலை அந்த இன்வர்ட்டரில் உண்டா என்று விசாரித்தே வாங்குக.

மின்சாரத்தைவிட நீரைச் சேமிப்பது மலிவு

பம்புசெட்டைப் பாட்டரியில் ஓட்டலாமா என்று சிலர் கேட்கின்றனர். அது வேண்டாத செலவு. 2019-ல் தொடங்கப்பெற்ற பி.எம். குசும் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட சூரிய பம்புசெட்டுகளைப் போல, வெயிலுள்ளபொழுதே நீரை இறைத்து மேல்நிலைத் தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ தேக்கிக்கொண்டால், பாட்டரியே தேவையில்லை. தொட்டி நீருக்கு ஆயுட்காலக் கணக்குமில்லை.

கூரைமேல் தகடு உள்ளோர் யாவருக்கும் புயல் இரவில் விளக்கு எரியும் என்றும் எண்ணலாகாது. 2024-ல் தொடங்கப்பெற்ற பி.எம். சூர்ய கர் திட்டத்தில் பெரும்பாலும் நிறுவப்படுவதைப் போன்ற, மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்து பாட்டரி இல்லாத அமைப்புகள், கரண்டு நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் உயிரைக் காப்பதற்காகவே அவ்வேற்பாடு.

முடிவாக, பாட்டரி வைத்திருப்போர் ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தில் தினமும் மாலையில் நிறைந்ததா இல்லையா என்பதையும், மாதம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர் அளவையும் எழுதிவருவாராக. மூன்று நாட்கள் தொடர்ந்து நிறையவில்லை என்று அது காட்டினால், அன்றே கரண்டைச் சேர்த்து நிரப்பிவிட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் இன்வர்ட்டரின் பொத்தானை மாற்றிவைப்பது, அடைமழைக்கு முன் வைக்கோற்போரை மேய்ந்து மூடுவதைப் போன்ற ஒரு வேலை. அதனை நாள் தவறாமல் செய்து வருபவர் வீட்டில், காற்றும் மழையும் வலுத்த இரவிலும் கொட்டகை விளக்கு அணையாது.